மஞ்சள் வண்டியின் கொண்டை ஊசி

அத்தியாயம் 6

பிளாஸ்கில் மிச்சமிருந்த கோப்பியைக் கொடு என்று வேதவல்லி அக்கா கேட்டார். குளிருக்குக் குடிக்கப் போகிறார் என்று நம்பிக் கொடுத்தேன். அவர் குனிந்து, அத்தனையையும் ஒரு பனிக்கட்டியின் தலையில் ஊற்றினார்.

"அக்கா, உது நான் குடிக்க வச்சிருந்த கோப்பி."

"தெரியும் குகன். வெந்நீர் இருந்தா அதைத்தான் ஊத்தியிருப்பேன். அடுத்த தடவை கொண்டு வா."

குகன் என்பது நான்தான், முழுப்பெயர் குகநேசன். நான் ரொறன்ரோவில் இரவு பகலாகப் படிப்பதாக யாழ்ப்பாணத்தில் என் வீட்டார் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நானோ வேதவல்லி அக்காவுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். இங்கே சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் இருக்கும் அவருடைய சமையலறை மேசைதான் எங்கள் துப்பறியும் அலுவலகம். இந்த நகரத்தில் எந்தத் தமிழ் வீட்டில் எது காணாமல் போனாலும் அந்த மேசைக்கு வந்து சேரும்.

இந்த முறை காணாமல் போயிருந்தது ஒரு மனிதனின் நல்ல பெயர்.

நாங்கள் நின்றது பிறம்ரனுக்கு அப்பால் ஒரு பண்ணைக் கொட்டகையில். பெப்ரவரிக் காற்று பலகை இடுக்குகளால் உள்ளே வந்து என் காதைத் தேடிப் பிடித்தது. எதிரில் ஒரு பழைய மஞ்சள் பனிவண்டி மூக்குடைந்து கிடந்தது. முன்னால் சறுக்குவதற்கு இரண்டு ஸ்கீ, பின்னால் ஓடுவதற்கு றப்பர் பட்டி, திருப்புவதற்கு சைக்கிளுக்கு இருப்பது போல ஒரு ஹாண்டில். அறுபத்திரண்டாம் ஆண்டில் செய்தது. இப்போது எழுபத்தாறு. பதினாலு வயதில் மனிதனுக்கு மீசை முளைக்கும், பனிவண்டிக்கு மூட்டெல்லாம் ஆடத் தொடங்கிவிடும்.

வண்டியின் சொந்தக்காரர் ரெக்ஸ்டேல் நரசிம்மன். பகலில் அரசாங்க எஞ்சினியர், மற்ற நேரத்தில் பழைய பனிவண்டிப் பைத்தியம். சனிக்கிழமை இந்தப் பண்ணையில் பழைய வண்டிகளை வைத்திருப்பவர்கள் கூடி ஓட்டினார்கள். நரசிம்மனும் ஓட்டினார். மேடு ஒன்றில் ஏறி இறங்கியதும் ஹாண்டிலைத் திருப்பினார், ஸ்கீ திரும்பவில்லை. நேரே போய் ஒரு மேப்பிள் மரத்தில் மோதிக் காலை உடைத்துக்கொண்டார். ஓடி வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். ஹாண்டிலிலிருந்து இடது ஸ்கீக்குப் போகும் தண்டு கழன்று தொங்கியது. முதல் நாள்தான் அந்த வண்டியின் ஸ்ரியறிங்கை ஒரு மெக்கானிக் திருத்தியிருந்தான். போல்ட்டை இறுக்காமல் விட்டுவிட்டான் என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது.

அந்த மெக்கானிக் தட்சிணாமூர்த்தி நேற்று மாலை சமையலறை மேசைக்கு வந்தான். கோயம்புத்தூர்க்காரன். வழக்கமாக அவன் ஒரு இடத்துக்கு வருமுன் அவன் பெருமை வந்துவிடும். தன் கை பட்ட நட்டு கழலாது என்று கல்யாண வீட்டில்கூடச் சொல்வான். நேற்று அவனால் உட்கார முடியவில்லை. பேசிக்கொண்டே அக்காவின் கேத்தல் கைபிடியை இறுக்கினான், கதிரைக் காலை ஆட்டிப் பார்த்து அதையும் இறுக்கினான், அலமாரிக் கதவுக்குப் போனான். அவன் வேலை செய்யும் கராஜ்காரர் செவ்வாய்க்கிழமை வரை தவணை கொடுத்திருக்கிறாராம். அது இன்றுதான், நாலு மணிக்கு வேறொரு மெக்கானிக் வேலை கேட்டு வருகிறான். தட்சிணாமூர்த்தியின் வேலை போனால் ஊரிலிருந்து மனைவி வனஜாவையும் குழந்தையையும் அழைக்கப் போட்ட விண்ணப்பமும் நின்றுவிடும்.

எனக்கு அதைவிட மோசமாகப் பட்டது வேறொன்று. தண்டும் ஸ்கீயும் சேரும் மூட்டில் போல்ட்டுக்குப் பதிலாக இரும்புப் பின்னைப் போட்டு, அது கழலாமல் முனையில் கிளிப் மாட்டினாயா என்று அக்கா கேட்டார்.

"மாட்டினேன்னுதான் நினைக்கிறேனுங்க மேடம்" என்றான்.

நினைக்கிறேன் என்ற சொல்லைத் தட்சிணாமூர்த்தியின் வாயில் அதற்கு முன் நான் கேட்டதில்லை. சனிக்கிழமையிலிருந்து ஊரே சேர்ந்து சொன்னதில் அவனுக்கே தன் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது. பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

கோப்பி பட்ட பனிக்கட்டி கரகரவென்று இளகியது. இடது ஸ்கீயைத் தாங்கும் வில் பட்டைக்கு மேல் இறுகிக் கிடந்த கட்டி அது. அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் நோண்டினார். விரல் நீளத்தில் ஒரு இரும்புத் துண்டு கையோடு வந்தது. ஒரு முனையில் தலை, மறுமுனையில் சின்ன ஓட்டை.

"எல்லாரும் மரத்தடியில தேடியிருப்பாங்க. இது வண்டியை விட்டு எங்கயும் போகலை. இதுதான் அந்த பின்."

"கிளிப்?"

"அது இங்கே இருக்காது."

"பாக்காமலே சொல்லுறியளே."

அவர் பின்னை வெளிச்சத்தில் பிடித்தார். உடம்பு முழுக்கக் கிரீஸ். தட்சிணாமூர்த்தி கிரீஸ் பூசினால் கல்யாணச் சாப்பாட்டில் நெய் ஊற்றுவது மாதிரி. ஆனால் அந்தச் சின்ன ஓட்டை மட்டும் சுத்தமாக இருந்தது, இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. ஓட்டையைச் சுற்றிக் கிரீஸில் ஒரு வளைந்த தடம்.

"கிளிப்பே போடாம விட்டிருந்தா இந்த ஓட்டை கிரீஸால அடைச்சிருக்கணும். உள்ளே ஒண்ணு போயிருக்கு, அப்புறம் கிரீஸை வழிச்சுக்கிட்டு வெளியே வந்திருக்கு. உடைஞ்சிருந்தா ஒரு துண்டாவது மாட்டியிருக்கும். சோ, யாரோ உருவியிருக்காங்க."

"அப்ப தட்சிணாமூர்த்தி தப்பிவிட்டான்."

"என்கிட்ட தப்பிச்சான். கராஜ்காரர்கிட்ட போய் ஓட்டை சுத்தமா இருக்குன்னு சொன்னா, பனியில கழுவிடுச்சுன்னு சொல்லுவார். கிளிப் வேணும் குகன்."

பின்னின் தலைப்பக்கம் கிரீஸில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. ரத்தமோ என்று கேட்டேன். அக்கா தன் வெள்ளைக் கைக்குட்டையில் அதைத் துடைத்து எடுத்து, நாலாக மடித்து, பின்னையும் சேர்த்துக் கைப்பைக்குள் வைத்தார். ரத்தம் நாலு நாளில் இவ்வளவு அழகாக இருக்காது என்று மட்டும் சொன்னார். வண்டியின் மூக்கில் மூன்று குங்குமப் பொட்டு காய்ந்து கிடந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அவர் எப்போதோ கவனித்திருப்பார்.

ரெக்ஸ்டேல் போகும் வழியெல்லாம் காருக்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கார் ஹீற்றர் என் பக்கம் மட்டும் வேலை செய்யாது. நான் வேகமாக ஓட்டினேன், பனி மெதுவாக ஓட்டச் சொன்னது.

கராஜில் தட்சிணாமூர்த்தி ஒரு காருக்கு அடியில் இருந்தான். எங்களைக் கண்டதும் எழும்பி வந்தான், வந்த கையோடு என் காரின் சக்கர நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்க்கத் தொடங்கினான். போன மாதமும் பார்த்தாய், அதற்கு முந்தைய மாதமும் பார்த்தாய் என்றேன். அவன் காதில் வாங்கவில்லை. கடைசி நட்டு முடிந்ததும் மறுபடி முதல் நட்டுக்குப் போனான்.

அவனுடைய கிரீஸ் என்ன நிறம் என்று அக்கா கேட்டார். மஞ்சள் என்றான். அந்த வண்டியில் என்ன செய்தாய் என்றதும் அவன் முகத்தில் பழைய தட்சிணாமூர்த்தி கொஞ்சம் எட்டிப் பார்த்தான். ஹாண்டிலை ஒரு சாண் திருப்பின பிறகுதான் ஸ்கீ அசைந்ததாம். பல பேர் ஹாண்டில் தண்டைத்தான் குறை சொல்வார்களாம். உண்மையில் ஸ்கீ திரும்பும் இடத்தில் புஷ் என்ற உள்வளையம் தேய்ந்திருந்தது, மூட்டில் இருந்த பழைய போல்ட் முட்டை வடிவத்தில் ஓட்டையைத் தின்றிருந்தது. புஷ்ஷை மாற்றி, ஓட்டையைச் சரிசெய்து, போல்ட்டை எறிந்துவிட்டு அளவான பின் போட்டானாம்.

"மேலிருந்து கீழ போட்டேனுங்க. எப்பவும் அப்படித்தான். கிளிப்பே போனாலும் பின் சட்டுனு விழாது, கொஞ்ச தூரம் உக்காந்திருக்கும்."

அதனால்தான் வீட்டு வாசலிலும் ட்றக்கிலும் விழாத பின் அந்த மேட்டில் துள்ளி விழுந்திருக்கிறது. அக்கா தலையாட்டினார். வேலை முடிந்த பிறகு வண்டி எங்கே நின்றது என்று கேட்டார். வெள்ளி மாலை நரசிம்மன் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டதாகச் சொன்னான். மறுநாள் காலை ஒன்பதரைக்கு அங்கிருந்துதான் ஒரு ட்றக்கில் ஏற்றிப் போனார்கள்.

உள்ளே கண்ணாடி அறையிலிருந்து கராஜ்காரர் எங்களைப் பார்த்துவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நாலு மணி என்று ஒரு கையால் காட்டினார். மற்றக் கையில் சான்விச் இருந்தது.

நரசிம்மன் வீட்டு வாசலில் பனியை வழித்து ஒதுக்கியிருந்தார்கள். ஓரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழம் ஒன்று உறைந்து கிடந்தது. ஊரில் புதுச் சக்கரத்தின் கீழ் வைப்பதை இங்கே ஸ்கீயின் கீழ் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு யோசனை ஓடியது. இந்த வீட்டு அம்மா சாந்தாவுக்குப் பனிவண்டி என்றாலே ஆகாது. ஒரு நாள் அதைக் கொண்டுபோய் ஏரியில் தள்ளுவேன் என்று நவராத்திரிக்கு வந்த எல்லோரிடமும் சொன்னவர்.

"அக்கா, விரலில குங்குமம். மனசில கோபம். வண்டி இரவெல்லாம் வாசலில. எனக்கு விளங்கிற்றுது."

"உனக்கு எப்பவும் சீக்கிரமே விளங்கிடும். அதுதான் உன்கிட்ட உள்ள குறை. வாயை மூடிக்கிட்டு வா."

சாந்தா கதவைத் திறக்கும்போதே பேசத் தொடங்கிவிட்டார். வங்கியில் வேலை, நல்ல படிப்பு, நல்ல குரல். அந்தக் குரலால்தான் நாலு நாளாக ரொறன்ரோவில் இருக்கும் அத்தனை தமிழ் வீட்டுக்கும் போன் போட்டுத் தட்சிணாமூர்த்தியின் பெயரைத் துவைத்துக் காயப் போட்டிருந்தார். ஒரு போல்ட்டை இறுக்கத் தெரியாதவனுக்கு எதற்கு மெக்கானிக் வேலை என்று எங்களிடமும் கேட்டார். புருஷன் உயிர் போயிருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்கும்போது குரல் உடைந்தது. அந்தப் பயம் நடிப்பில்லை. என் யோசனை அங்கேயே லேசாக ஆட்டம் கண்டது.

நரசிம்மன் சோபாவில் மாவுக்கட்டுக் காலைத் தலையணைகள் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் முதலில் கேட்டது வண்டி எப்படி இருக்கிறது என்றுதான். சாந்தா முறைத்தார். அவர் வாயை மூடிக்கொண்டார், ஆனால் வலது கை மடியில் சும்மா இருக்கவில்லை. இல்லாத ஹாண்டில் ஒன்றைத் திருப்பிக்கொண்டே இருந்தது.

லெமன் ரீ வந்தது. கோப்பி பறிகொடுத்த எனக்கு அது அமிர்தம். அக்கா குடிக்கவில்லை. கோப்பையில் கிடந்த எலுமிச்சைத் துண்டை எடுத்து, மேசைக்குக் கீழே கைக்குட்டையை விரித்து, சிவப்பின் மேல் தேய்த்தார். என் முழங்காலைத் தட்டிக் காட்டினார். சிவப்பு மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஊரில் மஞ்சளில் இடித்துச் செய்த அசல் குங்குமம் புளிப்புப் பட்டால் திரும்பவும் மஞ்சளாகிவிடும். கடைச் சாயம் இப்படி மாறாது. வண்டிக்குப் பொட்டு வைத்த விரல்தான் பின்னையும் தொட்டிருக்கிறது.

இனி நேரே குற்றம் சாட்டுவார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவரோ சுவரில் தொங்கிய தமிழ்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு சம்பந்தமில்லாமல் எதையோ கேட்டார்.

"சாந்தா, சனிக்கிழமை ஒன்பதுலேர்ந்து பத்தரை ராகுகாலம் ஆச்சே. டிரக் ஒன்பதரைக்குத்தானே வந்தது? எப்படி அனுப்பினீங்க?"

சாந்தாவின் முகம் மலர்ந்தது. நாலு நாளாக யாரும் கேட்காத கேள்வி.

"நல்ல வேளை கேட்டீங்க. ஒன்பதுக்கு முன்னாடி கிளம்புங்கன்னா இவர் சிரிக்கிறார். அப்புறம் நானே பரஸ்தானம் பண்ணிட்டேன். அதனாலதான் காலோட போச்சு. இல்லேன்னா என் கழுத்துல தாலி இருந்திருக்காது."

எனக்கு அந்தச் சொல் புதிது. அக்கா சுருக்கமாகச் சொன்னார். கெட்ட நேரத்தில் கிளம்பித்தான் ஆகவேண்டும் என்றால், நல்ல நேரத்திலேயே பயணம் போகிறவரின் சாமான் ஒன்றை எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவது. அப்போதே பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும், போகும் வழியில் அந்தச் சாமானை வாங்கிக்கொண்டு போகவேண்டும். யாழ்ப்பாணத்தில் நாங்களும் ராகுகாலம் பார்ப்போம். ஆனால் ராகுவுக்கு இப்படிக் கடுக்காய் கொடுக்க வழி இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"ராகுவுக்கு ரொறன்ரோ நேரம் தெரியுமோ, அன்ரி?" என்று கேட்டேன். எனக்கு மட்டும் பிஸ்கற் வரவில்லை.

"உங்க வீட்டுக்காரருக்கு என்ன எடுத்து வெச்சீங்க?" அக்கா கேட்டார்.

"மஃப்ளர். பக்கத்து வீட்டு மிஸஸ் பொனெல்லிகிட்ட குடுத்தேன். எப்பவும் அவங்ககிட்டதான்."

"வண்டிக்கு?"

சாந்தா கொஞ்சம் தயங்கினார். பிறகு, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பது போலச் சொன்னார்.

"எனக்கு இவரைவிட அந்த வண்டிமேலதான் பயம். அது நல்ல நேரத்துல கிளம்பணுமே. முழுசா நகர்த்த என்னால முடியுமா? பொட்டு வெச்சுட்டுப் பார்த்தேன். அந்தச் சறுக்குக் கட்டை பக்கத்துல புதுசா, பளபளன்னு, கொண்டை ஊசி மாதிரி ஒண்ணு இருந்தது. இழுத்தேன், கையோட வந்துடுச்சு. அதையும் மஃப்ளருக்குள்ள சுத்தி வெச்சேன்."

நான் கோப்பையைச் சோசரில் வைத்தேன். சாந்தா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

"ஏன், என்ன? அதைத்தான் இவர் வாங்கி மாட்டிக்கிட்டாரே. வண்டியில இருக்கிற ஒவ்வொரு ஆணியும் இவருக்கு மனப்பாடம். மஃப்ளரைப் பிரிச்சா தெரிஞ்சுடும்னுதான் நான் வாயைத் திறக்கலை, திட்டுவார்னு. டிரக் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் போய்க் கேட்டேன், பொட்டலத்தை வாங்கிக்கிட்டீங்களான்னு. வாங்கிக்கிட்டேன்னு சொன்னார். அப்புறம் எல்லாரும் போல்ட்டை இறுக்கலைன்னாங்க. நான் எடுத்தது போல்ட் இல்லையே."

அக்கா மெல்லத் திரும்பி நரசிம்மனைப் பார்த்தார். மடியில் ஹாண்டில் திருப்பிக்கொண்டிருந்த கை நின்றிருந்தது.

நான் அந்த அம்மாவைப் பிடிக்க வந்தவன். பிடிக்க வேண்டியவர் பக்கத்தில் உட்கார்ந்து லெமன் ரீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"வாங்கிக்கிட்டேன்னு சொன்னீங்களே" என்றார் சாந்தா.

நரசிம்மன் தன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். ட்றக்காரன் ஹோண் அடித்துக்கொண்டே இருந்தானாம். ஆறடி வெள்ளைக்காரன், அவனிடம் போய், கொஞ்சம் நில், பக்கத்து வீட்டில் என் மஃப்ளர் எனக்கு முன்னால் பயணம் போயிருக்கிறது, அதை வாங்கி வருகிறேன் என்று எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்ததாம். ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும் என்று நினைத்தாராம். வெறும் மஃப்ளர்தானே என்று நினைத்தேன் என்று இரண்டு தரம் சொன்னார்.

பக்கத்து வீட்டு மிஸஸ் பொனெல்லி கதவைத் திறந்ததும் எங்கள் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் குளிர்பெட்டியின் தலையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தார். இத்தாலியக் கிழவி. நயாகரா போனபோது இவர்கள் ஒரு செருப்பை வைத்துவிட்டுப் போனார்கள், மொன்றியால் போனபோது சோப்புப் பெட்டி, நான் தொடுவதில்லை, காரணமும் கேட்பதில்லை, என் அம்மாவுக்கும் இப்படிச் சில விஷயங்கள் இருந்தன என்றார். நாலு நாளாக ஏன் எடுக்க வரவில்லை என்றுதான் அவருக்கு யோசனையாக இருந்ததாம்.

சாந்தாவின் வரவேற்பறையில் அக்கா பொட்டலத்தைப் பிரித்தார். பச்சை மஃப்ளர். அதற்குள் கொண்டை ஊசி மாதிரி வளைந்த சின்னக் கம்பி. மஞ்சள் கிரீஸ், அதன்மேல் ஒரு விரல் குங்குமம். கைப்பையிலிருந்து பின்னை எடுத்து, ஓட்டையில் கம்பியைத் தள்ளினார். டக் என்று போய் உட்கார்ந்துகொண்டது. இழுத்தாலொழிய வராது.

யாரும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. சாந்தா அந்தச் சத்தத்தோடு சோபாவின் கையில் உட்கார்ந்துவிட்டார். புருஷன் பிழைத்தது தன்னால் என்று நாலு நாளாக நம்பிக்கொண்டிருந்தவர். எனக்கு அவரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. வாசலில் எலுமிச்சம்பழத்தைப் பார்த்து நான் போட்ட கணக்கை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"சாந்தா, நான் மாட்டியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. கராஜுக்கு நானே போன் பண்ணி, நான்தான் கழட்டினேன்னு சொல்லிடறேன்" என்றார் நரசிம்மன்.

சாந்தா எழும்பினார். அலமாரியைத் திறந்து கோட்டை எடுத்தார்.

"வேண்டாம். இத்தனை நாள் போன்ல பேசினது போதும். நேர்ல போய்ச் சொல்லணும்."

வழக்கம் விடுமா, கோட்டை மாட்டும்போது அவர் கண் தானாகக் காலண்டருக்குப் போனது. செவ்வாய்க்கிழமை. மூன்று முதல் நாலரை வரை ராகுகாலம். சுவர் மணிக்கூட்டில் மூன்று தாண்டி முள் நகர்ந்துகொண்டிருந்தது. நாலரை வரை காத்திருந்தால் நாலு மணிக்கு வருகிறவன் தட்சிணாமூர்த்தியின் இடத்தில் நின்றுகொண்டிருப்பான். இதில் அக்கா யாரையும் தள்ளமாட்டார்.

நேரத்தை எடுத்துச் சொன்னவர் நரசிம்மன். இத்தனை வருடமும் ராகுகாலத்தைப் பார்த்துச் சிரித்த மனிதர்.

"சாந்தா, மூணு அடிச்சிடுச்சு. கொஞ்சம் பொறுத்துப் போயேன்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் பூட்ஸின் நாடாவைக் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை. குனிந்து நான் கட்டிவிட்டேன். வேண்டுமானால் உங்கள் கையுறை ஒன்றை மிஸஸ் பொனெல்லியிடம் கொடுத்துவிட்டுப் போவோமா என்று ஒரு பகிடி வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

கராஜில் அந்தப் புது ஆள் தன் ஸ்பானர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏற்கனவே உட்கார்ந்திருந்தான். நேரத்துக்கு முன் வருகிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. சாந்தா அவனைத் தாண்டி நேரே கண்ணாடி அறைக்குள் போனார். வங்கியில் பேசும் ஆங்கிலத்தில், ஒன்றையும் மறைக்காமல், தான் என்ன எடுத்தேன், ஏன் எடுத்தேன், யார்மேல் பழி போட்டேன் என்று சொன்னார். ராகுகாலத்தை ஆங்கிலத்தில் விளக்குவது லேசான காரியமில்லை. ஆனாலும் கராஜ்காரர் குறுக்கே பேசவில்லை. பின்னையும் கிளிப்பையும் வாங்கி நாலைந்து தரம் மாட்டிக் கழற்றிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து புது ஆளிடம் மன்னிப்புக் கேட்டார். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

தட்சிணாமூர்த்தி கைகளைத் துணியில் துடைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தான். சாந்தா அவன் எதிரில் வந்து நின்றார்.

"யார் யார்கிட்ட உன்னைப் பத்திச் சொன்னேனோ, அத்தனை பேருக்கும் நானே போன் பண்ணி நடந்ததைச் சொல்றேன் தம்பி. இன்னிக்கே."

அவன் கோபமாக ஏதாவது சொல்வான் என்று நான் காத்திருந்தேன், சொல்லியிருந்தால் நியாயம்தான். அவன் கராஜ்காரர் கையிலிருந்த பின்னை வாங்கி, கிளிப்பை விரலால் தடவி, வேதவல்லி அக்காவைப் பார்த்தான். கண் நிரம்பியிருந்தது.

"நான் மாட்டியிருக்கேனுங்க மேடம்."

"ஆமாம், மாட்டியிருக்கே" என்றார் அக்கா.

"மறக்கலை."

"மறக்கலை."

சாந்தாவைக் கொண்டுபோய் வீட்டில் விட வேண்டும். கார்க் கதவை நான் திறந்தபோது தட்சிணாமூர்த்தியும் கூடவே வந்தான். குனியப் போகிறான், சக்கர நட்டுகளை மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் குனியவில்லை. காரின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டி, போய் வாருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, விசில் அடித்துக்கொண்டு உள்ளே போனான்.

அந்த வருடம் முழுக்க என் கார் அவ்வளவு தைரியமாக ஓடியதில்லை. இருந்தாலும் முதல் சிவப்பு விளக்கில் நின்றபோது, அக்கா காணாதபடி ஸ்ரியறிங்கை ஒரு தரம் இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தேன்.